வீட்டிலேயே ஒரு சிஎன்சி ரௌட்டர் மேசை: சட்டகத்தில் தொடங்கி முதல் வட்டம் வரை

நான் முதலில் கட்டிய சிஎன்சி மேசையில், அதாவது கணினியின் ஆணைப்படி தானே வெட்டும் இயந்திரத்தில், 50 மி.மீ. விட்டமுள்ள ஒரு வட்டத்தை வெட்டிப் பார்த்தேன். கண்ணுக்கு வட்டம்தான். காலிப்பரை வைத்தால் ஒரு பக்கம் 49.2, இன்னொரு பக்கம் 50.3. இரண்டு வாரம் கணினி முன்னால் உட்கார்ந்து அமைப்புகளை மாற்றி மாற்றிப் பார்த்தேன், ஒன்றும் சரியாகவில்லை. கடைசியில் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, வெட்டும் பிட்டைச் சுழற்றும் ஸ்பிண்டிலின் முனையைக் கட்டைவிரலால் பக்கவாட்டில் தள்ளினேன். அசைந்தது. குறுக்குப் பாலமே முறுக்கிக்கொண்டு இருந்திருக்கிறது.

புதிதாகக் கட்ட வருகிறவர்கள் பெரும்பாலும் மோட்டார், போர்டு, டிரைவர் ஆகியவற்றில் இருந்துதான் தொடங்குகிறார்கள். எல்லாம் ஒரே பெட்டியில் கிடைக்கிறது, இணைத்தவுடன் சுழல்கிறது, ஆசையாகவும் இருக்கிறது. ஆனால் வெட்டின் தரத்தைத் தீர்மானிப்பது சட்டகம். மின்னணுப் பகுதியைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், தொளதொளத்த சட்டகத்தைப் பிரித்துத்தான் கட்ட வேண்டும். அதனால் இங்கே சட்டகத்துக்கே அதிக இடம் கொடுக்கிறேன்.

முதலில் இயந்திரத்தின் அமைப்பு. ஒரு தட்டையான மேசை. அதன் மேல் முன்னும் பின்னும் நகரும் ஒரு பாலம், அதைக் கேன்ட்ரி என்பார்கள். அந்த நகர்வு ஒய் அச்சு. பாலத்தின் மேல் இடம் வலமாக ஒரு வண்டி ஓடும், அது எக்ஸ் அச்சு. வண்டியில் மேலும் கீழும் இறங்கும் தட்டு இசட் அச்சு. அந்தத் தட்டில்தான் பிட்டைச் சுழற்றும் கருவி, அதாவது ரௌட்டரோ ஸ்பிண்டிலோ, பொருத்தப்படும். மூன்று அச்சுகளையும் படிப்படியாகச் சுழலும் ஸ்டெப்பர் மோட்டார்கள் நகர்த்துகின்றன, ஒரு சிறிய கட்டுப்பாட்டு போர்டு அவற்றுக்கு ஆணையிடுகிறது. அவ்வளவுதான்.

எதை வெட்டப் போகிறீர்கள்?

இந்தக் கேள்விக்குப் பதில் எழுதி வைத்துக்கொண்ட பிறகு எதையும் வாங்குங்கள். பிளைவுட், எம்டிஎஃப் (மர நாரை அழுத்திச் செய்த பலகை), அக்ரிலிக், மென்மரம் இவை போதும் என்றால் ஓரளவு விறைப்பான இயந்திரம் சமாளித்துவிடும். தேக்கு போன்ற கடின மரங்களுக்கு இன்னும் கொஞ்சம் உறுதி வேண்டும். அலுமினியம் வெட்ட ஆசை இருந்தால் முழு வடிவமைப்பையும் அதற்காகவே யோசிக்க வேண்டும். உருக்கை வீட்டு ரௌட்டரில் வெட்ட நினைக்காதீர்கள், அதற்குக் குறைந்த சுழற்சியும் மிகக் கனமான உடலும் உள்ள மில்லிங் இயந்திரம் தேவை.

அடுத்தது அளவு. எல்லோருக்கும் பெரிதாகக் கட்டத்தான் தோன்றும். ஒரு கணக்கை மட்டும் மனதில் வையுங்கள்: இரண்டு முனையிலும் தாங்கப்பட்ட ஒரு குறுக்குச் சட்டத்தின் நடுவில் அதே விசை விழும்போது, அதன் வளைவு நீளத்தின் மும்மடிக்கு ஏற்றபடி கூடும். 400 மி.மீ. பாலத்தை 800 ஆக்கினால் வளைவு 2 மடங்கு ஆகாது, 8 மடங்கு ஆகும். முதல் இயந்திரத்துக்கு 300 முதல் 400 மி.மீ. வரையிலான சதுர வெட்டுப் பரப்பு நல்ல தொடக்கம். பெயர்ப் பலகை, பெட்டி, விளையாட்டுப் பொருள், சின்ன இசைக்கருவிப் பாகங்கள் எல்லாம் இதில் அடங்கும். நீளமான பலகை வந்தால் முன்பக்கமாக நுழைத்து, பகுதி பகுதியாக நகர்த்தி வெட்டிக்கொள்ளலாம். வெட்டுப் பரப்பைவிட இயந்திரத்தின் வெளி அளவு ஒவ்வொரு திசையிலும் கணிசமாகப் பெரியதாக இருக்கும். வண்டியின் அகலம், மோட்டார், பேரிங் பிடிப்பான் எல்லாம் இடம் பிடிக்கும். வைக்கப்போகும் இடத்தை அளந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சட்டகம்

வெட்டும்போது பிட்டின் முனையில் விழும் விசை மேசைக்கு எப்படித் திரும்பி வருகிறது என்று விரலால் தொட்டுத் தொட்டுப் பாருங்கள். பிட், ஸ்பிண்டில், இசட் தட்டு, எக்ஸ் வண்டி, பாலம், பக்கப் பலகைகள், ஒய் தண்டவாளம், அடிச்சட்டம், மேசை, வெட்டப்படும் பலகை. இது ஒரு சங்கிலி. இதில் எந்தக் கண்ணி மெலிந்திருக்கிறதோ அங்கேதான் முழு இயந்திரமும் அசையும். வீட்டில் கட்டும் இயந்திரங்களில் பெரும்பாலும் மெலிந்திருப்பவை இரண்டு: பாலம் முறுக்கிக்கொள்வது, இசட் தட்டு கீழே நீட்டிக்கொண்டு நிற்பது.

பாலத்தில் வளைவைவிட முறுக்கம்தான் பெரிய தொல்லை. பிட் பாலத்துக்குக் கீழே தொங்குகிறது, அதனால் பக்கவாட்டு விசை ஒரு நெம்புகோல் போலப் பாலத்தை முறுக்கும். மூடிய பெட்டி வடிவக் குழாய் முறுக்கத்தை மிக நன்றாகத் தாங்கும். சி வடிவத்தில் ஒரு பக்கம் திறந்த பட்டை அதே எடையில் அதைவிடப் பல மடங்கு எளிதாக முறுக்கிக்கொள்ளும். அலுமினிய எக்ஸ்ட்ரூஷன் கம்பி வாங்கினால் பாலத்துக்கு 2040, அதாவது 20க்கு 40 மி.மீ., போதாது. 4080 மாதிரி பருத்த அளவை எடுங்கள், அல்லது இரண்டு கம்பிகளை மேலும் கீழுமாக வைத்துப் பின்னால் ஒரு தகடு போட்டுத் திருகி, பெட்டியாக்குங்கள். சதுர இரும்புக் குழாய் கிடைத்தால் இன்னும் நல்லது. அதன் எடையே அதிர்வை அடக்க உதவும். பிரிண்ட்என்சி என்ற திறந்த வடிவமைப்பு முழுக்க இரும்புக் குழாய்களை வைத்துத்தான் கட்டப்படுகிறது, அதன் வரைபடங்களைப் பார்ப்பதே ஒரு பாடம்.

உலோக வேலை வசப்படாதவர்கள் பிளைவுட்டிலேயே சட்டகம் கட்டலாம், அதில் குறைவு ஒன்றும் இல்லை. 18 மி.மீ. பிளைவுட்டை ஒற்றைப் பலகையாகப் பயன்படுத்தாமல், மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் குறுக்கும் நெடுக்குமாகத் தடுப்புகள் என்று பெட்டியாக ஒட்டுங்கள். ஒட்டும்போது அடியில் இருக்கும் பரப்பு தட்டையாக இருக்க வேண்டும், கோணலாக ஒட்டினால் அந்தக் கோணல் அப்படியே உறைந்துவிடும். ஈரப்பதத்தில் மரம் உப்பி வளையாமல் இருக்க எல்லாப் பக்கமும் வார்னிஷ் அடியுங்கள். இப்படிக் கட்டிய மேசையில் வெட்டும் பாகங்களைக் கொண்டே பின்னாளில் அலுமினியப் பாலம் செய்துகொண்டவர்கள் நிறையப் பேர்.

இசட் தட்டின் விஷயத்தில் எல்லோரும் செய்யும் ஒரே தவறு, பாலத்தை மிக உயரமாக வைப்பது. பாலத்துக்கு அடியில் 150 மி.மீ. இடைவெளி விட்டால் பிட்டும் அவ்வளவு கீழே இறங்கி நிற்க வேண்டும். நீங்கள் வெட்டப்போவது 18 மி.மீ. பலகை என்றால் அந்த உயரம் எதற்கு? 70, 80 மி.மீ. இடைவெளி பெரும்பாலான வேலைகளுக்குப் போதும். எப்போதாவது தடித்த பொருள் வந்தால் மேசைப் பலகையைக் கழற்றிவிட்டு வைத்துக்கொள்ளலாம்.

நகரும் பாலத்துக்கு மாற்றாக, பாலம் அசையாமல் நிற்க, மேசை முன்னும் பின்னும் நகரும் அமைப்பும் உண்டு. சிறிய இயந்திரத்துக்கு இது அதிக விறைப்பைத் தரும், ஆனால் மேசை ஓட இரு மடங்கு நீள இடம் வேண்டும். 300 மி.மீ. வரை இதையும் யோசிக்கலாம்.

தண்டவாளமும் இழுவையும்

இரு முனைகளில் மட்டும் பிடிக்கப்பட்ட உருளைக் கம்பிகள் மலிவானவை. நடுவில் தொங்கும், எனவே தவிருங்கள். அடிமுழுவதும் தாங்கி உள்ள எஸ்பிஆர் வகைக் கம்பி அதைவிட மேல். சதுர வடிவ லீனியர் கைடு, எச்ஜிஆர் 15 அல்லது 20, இருப்பதிலேயே நல்லது. ஆனால் அது தன் அடியில் உள்ள பரப்பின் கோணலை அப்படியே ஏற்றுக்கொள்ளும். மேடு பள்ளமான பரப்பில் திருகினால் வண்டி சில இடங்களில் இறுகும், சில இடங்களில் தளரும். ஒரு தண்டவாளத்தை முதலில் நேராகத் திருகிவிட்டு, இரண்டாவதைத் தளர்வாக வைத்து, பாலத்தை இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நகர்த்திக்கொண்டே ஒவ்வொரு திருகாக இறுக்குங்கள். பாலம் எங்கும் சிக்காமல், விரலால் தள்ளினால் ஓட வேண்டும். இந்த ஒரு வேலைக்கு அரை நாள் ஒதுக்கினாலும் தகும்.

நகர்த்த மூன்று வழிகள். ஜிடி2 என்ற பல் வைத்த பெல்ட் வேகமானது, எளிது, ஆனால் இழுபடும். மென்மரத்துக்கும் லேசருக்கும் சரி. டி8 லீட் ஸ்க்ரூ, அதாவது 8 மி.மீ. மரையிட்ட தண்டு, ஒரு சுற்றுக்கு 8 மி.மீ. நகரும் வகைதான் அதிகம் கிடைக்கிறது. 2 மி.மீ. நகரும் வகையும் உண்டு, வாங்கும்போது பார்த்து வாங்குங்கள். இதன் நட்டில் ஆட்டம், அதாவது திசை திரும்பும்போது தளர்வு, இருக்கும், அதனால் ஸ்பிரிங் வைத்த ஆட்டமெடுப்பு நட்டு போட வேண்டும். 500 மி.மீ.க்கு மேல் நீண்டால் வேகமாகச் சுழலும்போது சாட்டை போல ஆடத் தொடங்கும். மூன்றாவது, நட்டுக்குள் சிறு குண்டுகள் உருளும் பால் ஸ்க்ரூ. 1605 என்றால் 16 மி.மீ. பருமன், ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகர்வு. ஆட்டம் மிகக் குறைவு, உராய்வும் குறைவு. கடின மரம், அலுமினியம் என்று போகிறவர்கள் தொடக்கத்திலேயே இதைப் போட்டுவிடுவது நல்லது. ஒரு விஷயம், பால் ஸ்க்ரூ தானாகவே பின்னோக்கிச் சுழலும். மின்சாரம் போனால் இசட் அச்சு ஸ்பிண்டிலின் எடையில் மெதுவாக இறங்கிவிடக்கூடும், பிட்டின் அடியில் கை வைக்கும் முன் அதை நினையுங்கள்.

ஸ்க்ரூவின் மோட்டார் பக்க முனையை மட்டும் அசையாமல் பிடியுங்கள், மறுமுனை பேரிங்கில் சுதந்திரமாக நீள இடம் இருக்கட்டும். கடைகளில் பிகே, பிஎஃப் என்று இந்த இரண்டு பிடிப்பான்களும் சோடியாகவே கிடைக்கும்.

மோட்டார், டிரைவர், போர்டு

நெமா 17, நெமா 23 என்ற எண்கள் மோட்டாரின் முகப்புத் தகட்டின் அளவை மட்டுமே சொல்கின்றன, 1.7 அங்குலம், 2.3 அங்குலம். முறுக்கு விசை எவ்வளவு என்பது அதில் இல்லை, அதை விவரத் தாளில் நியூட்டன் மீட்டர் கணக்கில் பார்க்க வேண்டும். சின்ன பெல்ட் இயந்திரத்துக்கு நெமா 17 போதும். லீட் ஸ்க்ரூவோ பால் ஸ்க்ரூவோ போட்ட இயந்திரத்துக்கு 1 முதல் 2 நியூட்டன் மீட்டர் வரையிலான நெமா 23 நன்றாக இழுக்கும்.

மோட்டாருக்கு மின்னோட்டம் தரும் டிரைவரில், நெமா 17க்கு ஏ4988 அல்லது டிஆர்வி8825 என்ற சிறிய தகடுகள் ஓட்டும். நெமா 23க்கு அவை தாங்காது, டிபி6600 அல்லது டிஎம்542 போடுங்கள். மின்வழங்கி 24 வோல்ட் குறைந்தபட்சம், டிஎம்542 என்றால் 36 வோல்ட் இன்னும் நல்லது. வோல்ட் கூடினால் மோட்டார் சுருளில் மின்னோட்டம் வேகமாக ஏறும், அதனால் வேகமாகச் சுழலும்போதும் விசை அவ்வளவாகக் குறையாது. மின்னோட்டத்தின் அளவை மோட்டாரின் மேல் எழுதியிருப்பதற்கு ஏற்ப டிரைவரின் சுவிட்சுகளில் அமையுங்கள். கை வைத்தால் சுடுகிற அளவுக்கு ஸ்டெப்பர் சூடாவது இயல்புதான், பதற வேண்டாம்.

மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது மோட்டார் வயரைக் கழற்றாதீர்கள். டிரைவர் அந்த நொடியே போய்விடக்கூடும். தளர்ந்த திருகு முனையும் இதையே செய்யும்.

மோட்டாரின் நான்கு வயர்களில் எந்த இரண்டு ஒரு சோடி என்று தெரியாவிட்டால், இரண்டைத் தொடவிட்டுத் தண்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாகச் சுழன்றால் அவை சோடி.

கட்டுப்பாட்டுக்கு ஆர்டுயினோ ஊனோ போர்டும் ஜிஆர்பிஎல் மென்பொருளும் புதியவர்களுக்கு இன்றும் எளிய வழி. 2009இல் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் இது. மூன்று அச்சுகளை அழகாகக் கையாளும், மோட்டாரை நகர்த்தும் மின்துடிப்புகளை நொடிக்கு 30,000 வரை தரும். ஒய் அச்சுக்கு இரண்டு மோட்டார் வைத்து, இரண்டையும் தனித்தனிச் சுவிட்சால் நேராக்க விரும்புகிறவர்கள் இஎஸ்பி32 போர்டில் ஓடும் ஃப்ளூயிட்என்சி பக்கம் போகலாம். லினக்ஸ்சிஎன்சியும் மிக வலுவானது, ஆனால் கற்க நேரம் எடுக்கும்.

சிஎன்சி ஷீல்டு என்ற தகட்டை ஊனோவின் மேல் செருகுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஷீல்டில் இசட் வரம்புச் சுவிட்சுக்கென்று (அச்சு தன் எல்லையைத் தொட்டதைச் சொல்லும் சுவிட்ச்) அச்சிட்ட முனையை ஜிஆர்பிஎல் 1.1 பதிப்பு ஸ்பிண்டில் வேகத்துக்கு எடுத்துக்கொள்கிறது. 11ஆம் முனை ஸ்பிண்டிலுக்கு, 12ஆம் முனை இசட் சுவிட்சுக்கு. பழைய பதிப்பு ஷீல்டுகளில் பெயர் மாறியே இருக்கும். இசட் சுவிட்ச் வேலை செய்யவில்லை என்று நாள்கணக்கில் தேடுவதைவிட இதை முதலிலேயே பார்த்துவிடலாம்.

வயரிங்

வீட்டு மின்சாரம் வரும் பகுதியையும் 5 வோல்ட் போர்டையும் பெட்டிக்குள் தள்ளித் தள்ளி வையுங்கள். உலோகப் பாகங்கள் அனைத்தையும் எர்த்தில் இணையுங்கள், சட்டகம் உட்பட. வீட்டு மின்சாரத்தைக் கையாண்டு பழக்கம் இல்லையென்றால் அந்தப் பகுதியை மட்டும் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

அவசர நிறுத்தப் பொத்தான் கட்டாயம். மென்பொருளுக்குச் செய்தி அனுப்பும் பொத்தானாக இல்லாமல், மோட்டார் மின்வழங்கியையும் ஸ்பிண்டிலையும் நேரடியாகத் துண்டிப்பதாக இருக்க வேண்டும். இயந்திரத்தின் முன்பக்கம், பிட்டின் மேலாகக் கையை நீட்டாமலே எட்டும் இடத்தில் பொருத்துங்கள்.

வரம்புச் சுவிட்சுகளைச் சாதாரண நிலையில் மூடியிருக்கும் முனையில் இணையுங்கள். வயர் அறுந்தாலும் சுவிட்ச் அழுத்தப்பட்டதாகவே போர்டு நினைத்து நிறுத்திவிடும். இப்படி இணைத்தால் ஜிஆர்பிஎல்லில் $5 என்ற வரியை 1 ஆக்க வேண்டும். ஸ்பிண்டிலின் மின்னிரைச்சல் சுவிட்ச் வயரில் ஏறி, ஓடிக்கொண்டிருக்கும் வேலை காரணமில்லாமல் நிற்பது பலரும் சந்திக்கும் தொல்லை. உறையிட்ட வயரைப் போட்டு, உறையை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள். சுவிட்ச் முனைக்கும் போர்டின் கிரவுண்டு முனைக்கும் நடுவே 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைச் சேர்த்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். மோட்டார் வயர்களையும் சுவிட்ச் வயர்களையும் ஒரே கட்டாகக் கட்டாதீர்கள்.

கட்டும்போது சதுரம் பார்ப்பது

அடிச்சட்டத்தின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். சமமாக இருந்தால்தான் மூலைகள் செங்கோணம். பாலம் ஒய் தண்டவாளத்துக்குச் செங்குத்தா என்பதைப் பார்க்க, பேனாவை ஸ்பிண்டிலில் கட்டி, ஒரு மூலையில் இருந்து எக்ஸில் 300, ஒய்யில் 400 மி.மீ. தள்ளிப் புள்ளி வையுங்கள். அந்த இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே சரியாக 500 மி.மீ. இருக்க வேண்டும். பரப்பு அந்த அளவு இல்லையென்றால் 180, 240, 300 என்று பாருங்கள். அளவு பொருந்தவில்லையென்றால் பாலத்தின் ஒரு பக்கத்தைத் தளர்த்தி நகர்த்துங்கள். தச்சர்கள் காலங்காலமாகப் பயன்படுத்தும் அதே மூன்று நான்கு ஐந்து கணக்குதான்.

ஜிஆர்பிஎல் அமைப்புகள்

ஆர்டுயினோவில் ஏற்றியபின், கணினியில் யூனிவர்சல் ஜிகோட் சென்டர் அல்லது கேண்டில் மென்பொருளைத் திறந்து 115200 வேகத்தில் இணையுங்கள். அமைப்புகள் டாலர் குறியோடு ஓர் எண்ணாக இருக்கும்.

முக்கியமானது $100, $101, $102, அதாவது ஒவ்வொரு அச்சும் 1 மி.மீ. நகர எத்தனை துடிப்பு வேண்டும் என்பது. சாதாரண ஸ்டெப்பர் ஒரு சுற்றுக்கு 200 படிகள் எடுக்கும். டிரைவரில் ஒவ்வொரு படியையும் எட்டாகப் பிரிக்கும் நுண்படி வைத்தால் 1,600. டி8 ஸ்க்ரூவில் 8 ஆல் வகுத்தால் 200. 1605 பால் ஸ்க்ரூவில் 5 ஆல் வகுத்தால் 320. 20 பல் ஜிடி2 சக்கரத்தில் ஒரு சுற்று 40 மி.மீ., எனவே 40. 320 துடிப்பு வைத்தால் 30,000 துடிப்பு வரம்புக்குள் நிமிடத்துக்குச் சுமார் 5,600 மி.மீ. வரை போக முடியும், வீட்டு இயந்திரத்துக்கு அதுவே அதிகம்.

பெல்ட் இயந்திரத்தில் மட்டும் அளந்து திருத்துவது பயன் தரும். 200 மி.மீ. நகரச் சொல்லி 198.4 தான் நகர்ந்தது என்றால், இருக்கும் எண்ணை 200 ஆல் பெருக்கி 198.4 ஆல் வகுங்கள். ஸ்க்ரூ இயந்திரத்தில் கணக்கில் வந்த எண்ணே சரி. அங்கே அளவு தவறினால் ஆட்டம் எங்கே என்று தேடுங்கள், எண்ணைத் தொடாதீர்கள். என் முதல் இயந்திரத்தில் நான் வீணாக்கிய இரண்டு வாரமும் இந்த எண்ணோடுதான் போனது.

$110 முதல் $112 வரை உச்ச வேகம், 1,000இல் தொடங்குங்கள். $120 முதல் $122 வரை முடுக்கம், 50 போதும். இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, மோட்டார் படி தவறி முனகும் இடம் வந்ததும் அதில் இருந்து மூன்றில் ஒரு பங்கு குறைத்து வையுங்கள். அப்புறம் $1ஐ 255 ஆக்கினால் மோட்டார்கள் ஓய்விலும் பிடியை விடாது. $22 ஐ இயக்கி வீடு திரும்பும் வசதியை, அதாவது அச்சுகள் வரம்புச் சுவிட்சைத் தொட்டுத் தொடக்க இடத்தை அறிவதை, அமைத்தால், $130 முதல் $132 வரை உங்கள் பயண அளவைக் கொடுத்து, $20 மூலம் எல்லை தாண்டாமலும் தடுக்கலாம்.

ஸ்பிண்டில், பிட், வேகம்

ஒரு கையால் பிடிக்கும் சிறிய டிரிம்மர் ரௌட்டர் தொடக்கத்துக்கு அருமையான தேர்வு. சுழற்சியைக் குறைக்கும் வசதி உள்ளதாக மட்டும் வாங்குங்கள். சத்தம் அதிகம், கார்பன் பிரஷ் தேயும், மாற்றிக்கொள்ளலாம். தனி ஸ்பிண்டிலும் அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் விஎஃப்டி என்ற மின்கருவியும் அமைதியாக ஓடும், பின்னால் யோசிக்கலாம்.

மரத்துக்கு முதல் பிட்டாக 3.175 மி.மீ. தண்டும் இரண்டு பல்லும் உள்ள கார்பைடு பிட் நான்கைந்து வாங்குங்கள். உடையும். மேல்நோக்கித் தூள் தள்ளும் பிட் பலகையின் மேல் விளிம்பில் சிராய் கிளப்பும். கீழ்நோக்கித் தள்ளும் பிட் மேல்பரப்பைச் சுத்தமாக வைக்கும், ஆனால் ஆழமான பள்ளத்தில் தூள் அடைத்துக்கொள்ளும். முகப்பு அழகாக வேண்டிய பிளைவுட் வேலைக்கு இரண்டாவது.

நகர்வு வேகத்துக்கு ஒரு கணக்கு உண்டு: சுழற்சி, பல் எண்ணிக்கை, ஒரு பல் எடுக்கும் சீவலின் தடிமன் மூன்றையும் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 18,000 சுற்று, 2 பல், 0.05 மி.மீ. சீவல் என்றால் 1,800 மி.மீ. உங்கள் இயந்திரம் அந்த வேகம் தாங்காது என்றால் சுழற்சியைக் குறையுங்கள், 10,000 சுற்றில் 1,000 மி.மீ. போதும். புதியவர்கள் பயத்தில் நகர்வை மட்டும் குறைக்கிறார்கள். அப்போது பிட் வெட்டாமல் தேய்க்கும், மரம் கருகும், அக்ரிலிக் உருகி ஒட்டும், பிட் மழுங்கும். தூளை விரலில் எடுத்துப் பாருங்கள். மென்மரத்தில் மாவாக வந்தால் தேய்க்கிறது, சின்னச் சீவலாக வந்தால் வெட்டுகிறது. எம்டிஎஃப் எப்படி வெட்டினாலும் மாவுதான், அங்கே நிறத்தையும் வாசனையையும் கவனியுங்கள். ஒரு முறை இறங்கும் ஆழம் பிட்டின் பருமனில் பாதி, அதாவது 1.5 மி.மீ. அளவில் தொடங்குங்கள்.

வரைவதில் இருந்து வெட்டு வரை

இங்க்ஸ்கேப்பிலோ ஃப்ரீகேடிலோ வரைகிறீர்கள். அந்த வரைவில் பிட் போகும் பாதையை கேம் (CAM) மென்பொருள் கணக்கிடுகிறது, ஃப்ரீகேடிலேயே அதற்கு ஒரு பகுதி இருக்கிறது. அது ஜி-கோட் என்னும் ஆணை வரிசையைத் தருகிறது. 1952இல் எம்ஐடி ஆய்வகத்தில் துளையிட்ட நாடாவைப் படித்து இயங்கிய மில்லிங் இயந்திரத்தின் வழிவந்த மொழிதான் இது. ஜி21 என்றால் மில்லிமீட்டர் கணக்கு, ஜி90 என்றால் தொடக்கப் புள்ளியில் இருந்து அளவு, ஜி0 வெட்டாமல் விரைந்து நகர்வது, ஜி1 வெட்டிக்கொண்டே நேர்கோட்டில் போவது, ஜி2, ஜி3 வளைவுகள், எம்3 ஸ்பிண்டில் ஓட, எம்5 நிற்க. இந்தச் சில சொற்களை அடையாளம் காணக் கற்றுக்கொள்ளுங்கள். ஓட்டும் முன் கோப்பின் முதல் இருபது வரிகளைக் கண்ணால் படித்தால் பல விபத்துகள் தவிரும்.

வெளிவடிவம் வெட்டும்போது 4 மி.மீ. அகலம், 1 மி.மீ. தடிமனில் மூன்று நான்கு இடங்களில் வெட்டாத சிறு இணைப்பு விடுங்கள், கடைசிச் சுற்றில் துண்டு கழன்று பிட்டில் மோதாது. பலகையைப் பிடிக்க எளிய வழி ஒன்று: மேசையிலும் பலகையின் அடியிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, இரண்டு டேப்புக்கும் நடுவே சூப்பர் குளூ வைத்து அழுத்துங்கள். கிளாம்ப் எதுவும் பிட்டின் வழியில் வராது, எடுக்கும்போது டேப்போடு உரிந்து வரும்.

முதல் ஓட்டம்

முதலில் பேனா கட்டிப் படம் வரையுங்கள். எந்த அச்சாவது தலைகீழாக ஓடினால் $3 அமைப்பில் திருப்பலாம். அடுத்து, ஸ்பிண்டிலை ஓட்டி, பலகைக்கு 20 மி.மீ. மேலே காற்றில் முழு வேலையையும் ஓட்டிப் பாருங்கள்.

பிறகு மேசையின் மேல் ஒரு எம்டிஎஃப் பலகையைத் திருகி, அதையே இயந்திரத்தால் சமன் செய்ய வேண்டும். திருகுத் தலைகள் பரப்புக்குக் கீழே ஆழமாகப் புதைந்திருக்கட்டும். 22 அல்லது 25 மி.மீ. பிட், அரை மி.மீ. ஆழம். அதற்கு முன் பலகை முழுவதும் பென்சிலால் கட்டம் போடுங்கள், கோடு மிஞ்சிய இடம் இன்னும் பள்ளம். முடிந்ததும் நகத்தால் தடவிப் பாருங்கள். ஒவ்வொரு வரிக்கும் படிக்கட்டு போலத் தட்டுப்பட்டால் ஸ்பிண்டில் சாய்ந்திருக்கிறது. பிடிப்பானுக்குப் பின்னால் மெல்லிய தகடு வைத்து நிமிர்த்தி, மீண்டும் சமன் செய்யுங்கள்.

தூள் விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் வைத்திருக்கிறது. எம்டிஎஃப் தூளில் பிசினும் சேர்ந்திருக்கும். ஸ்பிண்டிலைச் சுற்றித் தூரிகை வளையம், அதற்கு ஒரு வாக்குவம், முகத்துக்கு என்95 முகமூடி, கண்ணாடி, காதடைப்பான். கையுறை மட்டும் கூடாது, சுழலும் பிட் அதைப் பிடித்தால் கையோடு இழுக்கும். இயந்திரம் ஓடும்போது அந்த அறையை விட்டுப் போகாதீர்கள். மழுங்கிய பிட் ஒரே இடத்தில் தேய்த்தால் தூள் கனன்று, வாக்குவம் பைக்குள் போய்த் தீப்பிடிக்கும். அருகில் ஒரு தீயணைப்பான் இருக்கட்டும்.

வட்டத்தைப் படிப்பது

எல்லாம் சரி என்று தோன்றியதும் 50 மி.மீ. வட்டம் ஒன்று வெட்டுங்கள். பலகையைக் கழற்றும் முன் எக்ஸ் திசை எது என்று பென்சிலால் குறித்துவிடுங்கள், இல்லாவிட்டால் வட்டம் சொல்வது புரியாது.

கடிகார முகத்தில் 12, 3, 6, 9 இருக்கும் இடங்களில் சின்னத் தட்டையோ படியோ தெரிந்தால், அது ஆட்டம். அந்த இடங்களில்தான் ஓர் அச்சு திசை திரும்புகிறது. 3க்கும் 9க்கும் பக்கத்தில் மட்டும் இருந்தால் எக்ஸ் நட்டையும், 12க்கும் 6க்கும் பக்கத்தில் இருந்தால் ஒய் நட்டையும் பாருங்கள். வட்டம் அச்சுகளின் திசையிலேயே நீண்டிருந்தால் ஒரு அச்சின் துடிப்பு எண் தவறு, அல்லது ஒரு திசையில் சட்டகம் அதிகம் வளைகிறது. ஆழத்தைப் பாதியாக்கி இன்னொரு முறை வெட்டுங்கள். நீட்சி குறைந்தால் வளைவு, அப்படியே இருந்தால் எண். சாய்வாக, 45 பாகையில் நீண்டிருந்தால் பாலம் செங்கோணத்தில் இல்லை, மூன்று நான்கு ஐந்துக்குத் திரும்புங்கள். சுற்றிலும் அலை அலையாக வரிகள் இருந்தால் அதிர்வு. பிட்டை அதைப் பிடிக்கும் காலெட்டுக்குள் இன்னும் உள்ளே தள்ளிப் பிடியுங்கள், பிறகு ஆழத்தைக் குறையுங்கள், பிறகு இசட் தட்டின் திருகுகளை ஒவ்வொன்றாக இறுக்கிப் பாருங்கள்.

என் இரண்டாவது பாலத்தை மூடிய குழாயில் கட்டிய பிறகு அதே வட்டத்தை அதே கோப்பில் வெட்டினேன். எக்ஸில் 49.95, ஒய்யில் 50.02. அமைப்பு எண்களில் ஒன்றைக்கூட மாற்றவில்லை.